வியா தகராறு: அதிவேக போர்டில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலிருந்தும் கடலூர்ப் பக்கமிருந்தும் எங்கள் மேசைக்கு வரும் சர்க்யூட் போர்டுகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "ட்ரேஸ் எல்லாம் கால்குலேட்டர்ல 50 ஓம் பார்த்துத்தாண்ணே இழுத்தோம், இருந்தும் லிங்க் நிக்க மாட்டேங்குது." ட்ரேஸ் (போர்டில் சிக்னல் ஓடும் காப்பர்க் கோடு) பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அது ஒரு லேயரிலிருந்து இன்னொரு லேயருக்கு இறங்கும் இடத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். கணக்குப் போட்டவர்களும் வியாவை (லேயர்களை இணைக்கும், உள்ளே காப்பர் பூசிய துளையை) மட்டும் போட்டிருப்பார்கள். சிக்னல் திரும்பி வரும் வழியை விட்டிருப்பார்கள்.

என் கட்சி இதுதான்: தனி வியாவுக்கு இம்பிடன்ஸ் (ஓடும் சிக்னலுக்குப் பாதை காட்டும் தடை) என்று ஒன்று கிடையாது. பக்கத்தில் இருக்கும் கிரவுண்ட் வியாவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்டு. கீழே உள்ள சோதனைகளில் பலவும் இதிலிருந்து வந்தவை. செலவில்லாததை முதலிலும், பணம் கேட்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

உங்கள் சிக்னலுக்கு வியா ஒரு பொருட்டா என்று பாருங்கள். 1.6 மிமீ போர்டில் மேலிருந்து கீழ் வரை போகும் வியாவைக் கடக்க சிக்னலுக்கு 11 பிகோசெகண்ட் அளவில் ஆகும். யுஎஸ்பி 2.0-வின் எட்ஜ் (சிக்னல் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு மாற எடுக்கும் நேரம்) 500 பிகோசெகண்டைச் சுற்றி. அதன் கண்ணுக்கு அந்த வியா தெரியவே தெரியாது. எஸ்பிஐ, ஐ2சி, 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் தகராறு என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு பவர் சப்ளையையும் சால்டரையும் பாருங்கள். யுஎஸ்பி 3, பிசிஐ எக்ஸ்பிரஸ், 10 கிகாபிட் ஈதர்நெட், அதிவேக கேமரா இணைப்பு, இவற்றுக்குத்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

மேசையில் இருக்க வேண்டியவை: கெர்பர் கோப்புகள் (ஒவ்வொரு லேயரின் வரைபடம்), போர்டு தயாரிக்கும் ஃபேப் கொடுத்த, லேயர்களின் வரிசையும் தடிமனும் சொல்லும் ஸ்டாக்கப் தாள் (நீங்கள் கேட்டது அல்ல, அவர்கள் உண்மையில் போட்டது), பாகம் பொருத்தாத ஒரு வெற்றுப் போர்டு. வெற்றுப் போர்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு வேலை இரண்டு மடங்கு. அடுத்த முறை ஆர்டர் போடும்போது இரண்டு வெற்றுப் போர்டு தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: குறைந்த வேகத்தில் ஓடுகிறது, வேகம் கூட்டினால் விழுகிறது

யுஎஸ்பி 3 சாதனம் யுஎஸ்பி 2 ஆகத்தான் தெரிகிறது. அல்லது 8 ஜிடி (நொடிக்கு 8 கிகா டிரான்ஸ்ஃபர்) வேகத்தில் நிற்க வேண்டிய பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் 2.5-இல் போய் உட்கார்ந்துகொள்கிறது. லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி, எல்எஸ்பிசிஐ கட்டளைகளைப் போட்டால் எந்த வேகத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக் கட்டிப்போட்டு ஒரு இரவு ஓட விடுங்கள். குறைந்த வேகத்திலும் பிழை வந்தால் வியாவைத் தேடாதீர்கள். கிளாக், பவர், சால்டர் என்று போங்கள். குறைந்த வேகத்தில் சுத்தமாக ஓடினால் கீழே.

*வியா அல்லாத, வியா மாதிரி நடிக்கும் காரணங்கள்*

இவற்றை முதலில் விலக்க வேண்டும், ஏனென்றால் இவை வியாவைவிடப் பெரிய பாதிப்பைத் தரும். ஈஎஸ்டி டயோடு (நிலைமின் அதிர்ச்சியிலிருந்து சிப்பைக் காக்கும் பாகம்): யுஎஸ்பி 3-க்கு ஏற்றது அரை பிகோஃபேரடுக்குள் இருக்கும். பர்ச்சேஸில் "இதுவும் ஈஎஸ்டிதானே சார்" என்று யுஎஸ்பி 2-க்கான மலிவான டயோடு மாற்றி வந்திருந்தால், அதில் ஒன்று இரண்டு பிகோஃபேரட் உட்கார்ந்திருக்கும். மோசமான வியாவின் கெப்பாசிட்டன்ஸே முக்கால் பிகோஃபேரட்தான். டயோடைக் கழற்றிவிட்டு லிங்க் வருகிறதா பாருங்கள். பத்து நிமிட வேலை.

அடுத்து ஏசி கப்ளிங் கெப்பாசிட்டர். அதன் பேட் (சால்டர் பிடிக்கும் காப்பர்த் திட்டு) ட்ரேஸைவிட அகலம், அதனால் அந்த இடத்தில் இம்பிடன்ஸ் இறங்கும். பேடுக்கு நேர் கீழே கிரவுண்டை வெட்டிவிட்டிருக்கிறீர்களா என்று கெர்பரில் பாருங்கள். மதிப்பும் முக்கியம்: 8 ஜிடி பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு வழக்கமாக 220 நானோஃபேரட், யுஎஸ்பி 3-க்கு 100.

*ஸ்டப்*

இவையெல்லாம் சரி என்றால் ஸ்டப்பை அளங்கள். சிக்னல் மேல் லேயரில் இறங்கி மூன்றாம் லேயரில் வெளியே போய்விட்டால், அதற்குக் கீழே வியாவின் மிச்சம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அதன் நீளம் அலைநீளத்தில் கால்வாசி ஆகும் அதிர்வெண்ணில் சிக்னலை அப்படியே விழுங்கிவிடும்.

எவ்வளவு ஸ்டப் தாங்கும் என்பதற்கு ஒரு சுருக்கக் கணக்கு: 7.5-ஐ ஜிபிபிஎஸ் வேகத்தால் வகுங்கள். வருவது மிமீ. 5 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி 3-க்கு 1.5 மிமீ. 8-க்கு ஒரு மிமீக்குச் சற்றுக் குறைவு. 16-க்கு அரை மிமீகூட இல்லை. இது பயந்து போட்ட கணக்கு. மீறினால் உடனே லிங்க் செத்துவிடும் என்று பொருளில்லை. 1.6 மிமீ போர்டில் 8 ஜிடிக்கு ஒரே ஒரு ஸ்டப் மட்டும் லிங்க்கைக் கொல்வது அபூர்வம். ஒரே பாதையில் நான்கு வியா, இரண்டு கனெக்டர், எஃப்ஆர்4-இல் (வழக்கமான கண்ணாடியிழைப் போர்டுப் பொருள்) நீண்ட ட்ரேஸ் என்று எல்லாம் சேரும்போதுதான் கொல்லும்.

திருத்தம், செலவு வரிசையில்:

காசில்லாதது, ட்ரேஸ் வெளியேறும் லேயரை மாற்றுவது. 8 லேயர் போர்டில் மூன்றாம் லேயருக்குப் பதில் ஆறாம் லேயரில் வெளியேற்றினால் ஒரு மிமீக்கு மேல் தொங்கிய ஸ்டப் அரை மிமீக்குள் வந்துவிடும். போர்டு எப்படியும் மறுபடி அடிக்கப் போகிறீர்கள் என்றால் இதுதான் முதல் தேர்வு. இதைவிட நல்லது, அந்தச் சிக்னலை லேயரே மாற்றாமல் மேலேயே கொண்டு போக முடியுமா என்று பார்ப்பது. யாருமே முதலில் யோசிக்காத திருத்தம் இது.

காசு கேட்பது, பேக்-ட்ரில். கீழிருந்து சற்றுப் பெரிய ட்ரில்லால் மிச்சத்தைக் குடைந்து எடுப்பார்கள். அப்போதும் 0.2 மிமீ அளவில் ஸ்டப் நிற்கும். சுற்றிலும் ட்ரேஸ் விலகி நிற்கவும் இடம் விட வேண்டும். பிளைண்ட் வியா (போர்டு முழுக்கப் போகாமல் வேண்டிய லேயரோடு நிற்பது) அதைவிடச் செலவு. 10 ஜிபிபிஎஸ்-க்குக் கீழே இருக்கிற போர்டுக்கு யாராவது பேக்-ட்ரில் கட்டாயம் என்று சொன்னால் காரணம் கேளுங்கள்.

அறிகுறி 2: டிடிஆரில் வியா இருக்கும் இடத்தில் கோடு நேராக இல்லை

டிடிஆர் என்பது ஒரு துடிப்பை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்துப் பாதை நெடுக இம்பிடன்ஸைக் கோடாகக் காட்டும் கருவி. இதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கல்லூரி லேபிலும் சிறு நிறுவனங்களிலும் நானோவிஎன்ஏ (அதிர்வெண் வாரியாகச் சிக்னலின் எதிரொலியை அளக்கும் விஎன்ஏவின் மலிவு வடிவம்) இருக்கும், அதில் டிடிஆர் காட்டும் வசதியும் இருக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் கருவியால் போர்டில் கிட்டத்தட்ட 9 மிமீக்குள் இருக்கும் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்ட முடியாது. அதில் வியாவைத் தேடுவது வீண். கனெக்டரும் முதல் வியாவும் அடுத்தடுத்து இருந்தால் இரண்டும் ஒரே மேடுபள்ளமாகத்தான் வரும். 35 பிகோசெகண்ட் எட்ஜ் உள்ள நல்ல டிடிஆரிலும் பிரிப்புத்திறன் இரண்டரை மிமீ அளவுதான். 1.6 மிமீ வியாவின் பள்ளம் உண்மையில் இருப்பதைவிட ஆழம் குறைவாகவே திரையில் தெரியும். திரையில் 45 ஓம் என்றால் உள்ளே அதைவிட மோசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

*கோடு கீழே இறங்கினால் (பள்ளம்)*

கெப்பாசிட்டன்ஸ் கூடிவிட்டது. காரணங்கள் பெரும்பாலும் மூன்று: ஆன்டிபேட் (கிரவுண்ட், பவர் காப்பர் விரிப்பான பிளேனில் வியாவைச் சுற்றி விடும் வெற்று வளையம்) சின்னது, தேவையில்லாத பேட்கள் உள் லேயர்களில் கிடக்கின்றன, அல்லது மேலே சொன்ன ஸ்டப்.

ஆன்டிபேடைக் கண்ணாலேயே பார்க்கலாம். 4 லேயர் வெற்றுப் போர்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். வியாவைச் சுற்றி, காப்பர் இல்லாத வளையத்தில் மட்டும் மங்கலான மஞ்சள் வெளிச்சம் கசியும். அந்த வளையம் மயிரிழை அளவில் இருந்தால் ஆன்டிபேட் இறுக்கம். டிஃபரன்ஷியல் ஜோடியின் (ஒரே சிக்னலை எதிரெதிராகச் சுமக்கும் இரண்டு கோடுகளின்) இரண்டு வியாவுக்கும் தனித்தனி வளையம் இருந்து, நடுவில் ஒரு மெல்லிய காப்பர்ப் பட்டை தெரிந்தால், அந்தப் பட்டையும் கெப்பாசிட்டன்ஸ் கூட்டும். இரண்டு வளையத்தையும் சேர்த்து ஒரு நீள்வட்டமாக வெட்டச் சொல்லுங்கள்.

எண்ணில் பார்த்தால்: போர்டு 1.6 மிமீ, ட்ரில் 0.3, பேட் 0.6, டிகே (போர்டுப் பொருளின் டைஎலக்ட்ரிக் மாறிலி) 4.2. வழக்கமான கைக்கணக்குச் சூத்திரப்படி இண்டக்டன்ஸ் 1.3 நானோஹென்றி. ஆன்டிபேட் 0.9 மிமீ என்றால் கெப்பாசிட்டன்ஸ் 0.75 பிகோஃபேரட், இம்பிடன்ஸ் 42 ஓம் வரும். ஆன்டிபேடை 1.05 ஆக்கினால் 0.5 பிகோஃபேரட், 51 ஓம். 1.2 ஆக்கினால் 0.37, 59 ஓம். ட்ரில்லையும் பேடையும் தொடாமல், வெறும் 0.3 மிமீ ஆன்டிபேட் மாற்றத்தில் 17 ஓம் ஆடுகிறது. கிகேட்டின் கால்குலேட்டரிலோ சேட்டர்ன் டூல்கிட்டிலோ இதே கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம், இரண்டும் இலவசம்.

இந்த எண்களைப் பிடித்துத் தொங்காதீர்கள். இண்டக்டன்ஸ் சூத்திரத்துக்குக் கிரவுண்ட் வியா எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. கெப்பாசிட்டன்ஸ் சூத்திரம், உள்ளே இரண்டே பிளேன் உள்ள 4 லேயர் போர்டுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும் இது போதும்.

உள் லேயர்களில் ட்ரேஸ் சேராத பேட்களை நீக்குவது சாஃப்ட்வேரில் ஒரே ஒரு டிக். அதைப் போட்டீர்களா என்று பாருங்கள். போட்டிராவிட்டாலும் சில ஃபேப்கள் கேட்காமலே நீக்கிவிடுவார்கள். ஒரு லாட் நன்றாகவும் அடுத்த லாட் மோசமாகவும் வந்தால் இதுவும் ஒரு காரணம்.

*கோடு மேலே ஏறினால் (மேடு)*

இண்டக்டன்ஸ் கூடிவிட்டது. ஆன்டிபேடை அளவுக்கு மீறி வெட்டியிருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை அதைவிட அதிகம் வருவது, பக்கத்தில் கிரவுண்ட் வியா இல்லாதது. ஈசிஆரில் நடுத்தடுப்பு வைத்துவிட்டு அடுத்த திருப்பத்தைக் காலாப்பட்டில் கொடுத்தால் எதிர்ப்பக்கம் போக வண்டிகள் எவ்வளவு சுற்றுமோ, அப்படித்தான் திரும்பும் மின்னோட்டமும் அடுத்த கிரவுண்ட் வியா எங்கே என்று தேடிக்கொண்டு போகும். அந்தச் சுற்று முழுவதும் இண்டக்டன்ஸ்.

சோதனை எளிது. கெர்பரில் அந்தச் சிக்னல் வியாவைச் சுற்றி ஒரு மிமீ ஆரத்தில் வட்டம் போடுங்கள். உள்ளே கிரவுண்ட் வியா இருக்கிறதா? ஒற்றைச் சிக்னலுக்கு ஒன்றிரண்டு, ஜோடிக்கு இரு புறமும் ஒவ்வொன்று வேண்டும். இல்லையென்றால் இதைச் சரிசெய்யும் வரை வேறு எதையும் தொடாதீர்கள். கிரவுண்ட் வியாவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

*4 லேயர் போர்டுக்காரர்கள் கவனிக்க*

நம் பக்கத்தில் அதிகம் ஓடுவது இந்த ஸ்டாக்கப்தான்: மேலே சிக்னல், இரண்டாவது கிரவுண்ட், மூன்றாவது 3.3 வோல்ட், கீழே சிக்னல். மேலிருந்து கீழே வியா போட்டு இறங்கும்போது சிக்னலுக்குத் துணையாக வரும் பிளேன் கிரவுண்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு மாறிவிடுகிறது. இங்கே கிரவுண்ட் வியா எத்தனை குத்தினாலும் பயனில்லை, ஏனென்றால் கிரவுண்ட் வியா 3.3 வோல்ட் பிளேனைத் தொடாது. திரும்பும் மின்னோட்டம் கெப்பாசிட்டர் வழியாகத்தான் தாண்ட வேண்டும். வியாவுக்கு ஓரிரு மிமீக்குள் 100 நானோஃபேரட் ஒன்று இரண்டு பிளேனுக்கும் நடுவே இருக்கிறதா? இல்லையென்றால் வையுங்கள். முடிந்தால் மூன்றாம் லேயரையும் கிரவுண்டாக மாற்றிவிட்டு 3.3 வோல்ட்டை அகல ட்ரேஸாக ஓட்டுங்கள். கெப்பாசிட்டர் அரைகுறை மருந்துதான். சில பத்து மெகாஹெர்ட்ஸ் தாண்டினாலே அது இண்டக்டர் மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கிவிடும்.

அறிகுறி 3: சிமுலேஷனில் கண் திறந்திருக்கிறது, போர்டில் மூடியிருக்கிறது

கண் என்பது சிக்னலின் பிட்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும்போது நடுவில் தெரியும் திறப்பு; மூடினால் 0, 1 பிரியாது. கருவி பொய் சொல்லாது, நாம் கொடுத்த மாடல்தான் வேறு போர்டின் மாடல். இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, மாடலில் கிரவுண்ட் வியாக்கள் இருக்கின்றனவா? 3டி சால்வரில் (மின்காந்தப் புலத்தைக் கணக்கிடும் மென்பொருளில்) வேகத்துக்காகச் சிக்னல் வியாவை மட்டும் வெட்டி எடுத்து, சுற்றியுள்ள சுவரைக் கிரவுண்டாக வைத்துவிடுகிறார்கள். அந்தச் சுவர் உண்மைப் போர்டில் இல்லாத ஒரு அருமையான ரிட்டர்ன் பாதை. விடை அழகாகத்தான் வரும்.

இரண்டு, ஒரே ஒரு இண்டக்டரும் இரண்டு கெப்பாசிட்டரும் வைத்த மாடலா? வியாவைக் கடக்கும் நேரம் எட்ஜில் ஆறில் ஒரு பங்குக்குள் இருக்கும் வரை அது செல்லும். 11 பிகோசெகண்ட் வியாவுக்கு 66 பிகோசெகண்ட் எட்ஜ் வரை. அதைவிடக் கூர்மையான எட்ஜ் என்றால் அந்த மாடலுக்கு ஸ்டப் ரெசனன்ஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

மூன்று, ஸ்டாக்கப். நீங்கள் மாடலில் போட்ட தடிமன் அழுத்துவதற்கு முந்தையதா, பிந்தையதா? ப்ரீப்ரெக் (லேயர்களை ஒட்டும் பிசின் தாள்) அழுத்தியபின் மெலியும். டிகே எண் எந்த அதிர்வெண்ணுக்கு? எஃப்ஆர்4-க்கு ஒரு மெகாஹெர்ட்ஸில் கொடுத்த எண்ணை 5 கிகாஹெர்ட்ஸில் போடக் கூடாது, அங்கே குறைவாக இருக்கும். ஸ்டப் கணக்கில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும்: பேட்களும் பிளேன்களும் சேர்ந்து வியாவின் நெடுக்கே கெப்பாசிட்டன்ஸை ஏற்றுவதால், அங்கே டிகே தாளில் உள்ளதைவிடக் கூடுதலாக நடந்துகொள்ளும். 2.1 மிமீ ஸ்டப், டிகே 4 என்றால் கணக்கில் 18 கிகாஹெர்ட்ஸ் வரும். அளந்தால் 14-ஐ ஒட்டி வந்தாலும் ஆச்சரியமில்லை.

நான்கு, ட்ரில். நீங்கள் வரைந்தது முடிந்த துளை அளவு. பிளேட்டிங்குக்கு இடம் விட்டு ஃபேப் அதைவிட 0.1 மிமீ வரை பெரிய ட்ரில் போடுவது வழக்கம். மாடலில் காப்பர் உருளையின் வெளிவிட்டம் ட்ரில் அளவுதான், முடிந்த துளை அல்ல.

இத்தனைக்கும் பிறகு ஒத்துவரவில்லை என்றால் ஃபேபிடம் கூப்பன் (உங்கள் போர்டோடு சேர்த்து அடிக்கும் சோதனைத் துண்டு) அளவுத் தாளைக் கேளுங்கள். ஆனால் கூப்பன் ட்ரேஸின் இம்பிடன்ஸைத்தான் சொல்லும், வியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. "இம்பிடன்ஸ் ரிப்போர்ட் பாஸ்தானே" என்பது வியாவுக்கு நற்சான்று இல்லை.

அறிகுறி 4: சூடானால், அல்லது மழைக்காலத்தில் மட்டும் பிழை

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் கூடும். கடற்கரை ஊர், உப்புக் காற்று, ஏசி இல்லாத பெட்டி. முதலில் கனெக்டரைக் கழற்றி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டுங்கள். பாதி கேஸ் இதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் போர்டை ஓவனில் உலர்த்திப் பாருங்கள். வெற்றுப் போர்டு என்றால் 105 முதல் 120 டிகிரியில் சில மணி நேரம். பாகம் பொருத்தியது என்றால் பிளாஸ்டிக் கனெக்டர் உருகாத அளவு குறைத்து, நேரத்தைக் கூட்டுங்கள். உலர்ந்தபின் பிழை போய், நாலு நாள் கழித்துத் திரும்பினால் ஈரம்தான் குற்றவாளி. எஃப்ஆர்4 ஈரத்தைக் குடிக்கும். கொஞ்சம் தண்ணீர் ஏறினாலும் டிகேயும் இழப்பும் கூடும். கோட்டிங் போட வேண்டும், அதையும் உலர்த்திய பிறகு.

ஈரம் இல்லை, வெப்பம்தான் என்றால் வியாவின் உருளையில் விரிசல் இருக்கலாம். காப்பர் டிகிரிக்கு 17 பிபிஎம் விரிகிறது. எஃப்ஆர்4 தடிமன் திசையில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. சால்டர் சூட்டில் இன்னும் பல மடங்கு. பிளேட்டிங் மெல்லிசாக இருந்தால் உருளை நடுவில் கீறிவிடும். ஐபிசி-6012 தரநிலை வகுப்பு 2-க்குச் சராசரி 20 மைக்ரான், வகுப்பு 3-க்கு 25 மைக்ரான் கேட்கிறது.

சோதனை: ஹாட் ஏரைக் குறைந்த சூட்டில் வைத்து ஒவ்வொரு பகுதியாகச் சூடாக்குங்கள், பிறகு ஃப்ரீஸ் ஸ்ப்ரே. பிழை எந்த இடத்தில் கூடுகிறது என்று பாருங்கள். நல்ல வியாவின் மின்தடை ஒரு மில்லிஓம்தான். சாதாரண மல்டிமீட்டரில் நல்லதும் கீறியதும் ஒன்றாகத்தான் தெரியும். நான்கு முனை மில்லிஓம் மீட்டர் வேண்டும், சூடேற்றும்போது எண் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் மைக்ரோசெக்ஷனுக்கு (வியாவைக் குறுக்கே அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்கு) அனுப்புங்கள். போர்டு அறுபடும், ஆனால் ஃபேபிடம் பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அறிகுறி 5: லிங்க் ஓடுகிறது, பக்கத்து ரேடியோ செத்துவிடுகிறது

தேங்காய்த்திட்டுத் துறைமுகம், கடலூர் முதுநகர்ப் பக்கம் படகில் வைக்கும் போர்டுகளில் இது வரும். கேமராவோ யுஎஸ்பி 3 டிஸ்க்கோ வேலை செய்யத் தொடங்கியதும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை விட்டுவிடும், அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுருண்டுவிடும். யுஎஸ்பி 3-இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுவது ஊரறிந்த விஷயம். கேபிளையும் கனெக்டர் உறையையும் முதலில் மாற்றிப் பாருங்கள். பிறகு சிறு வளைய ப்ரோபை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மாட்டி, போர்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். லேயர் மாறும் வியா ஒன்றின் மேல் சத்தம் எகிறினால், அறிகுறி 2-இல் சொன்ன அதே கிரவுண்ட் வியாக் குறைதான். ஜோடியில் ஒரு கால் மட்டும் கூடுதலாக ஒரு வியா கடந்தாலும் இப்படி ஆகும். இரண்டு காலுக்கும் சம எண்ணிக்கையில் வியா கொடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

10 ஜிபிபிஎஸ்-ஐத் தாண்டுகிறீர்கள் என்றால் முதல் போர்டு அடிப்பதற்கு முன்பே 3டி சால்வர் தெரிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே, கிரவுண்ட் வியா, ஆன்டிபேட், ஈஎஸ்டி, கெப்பாசிட்டர் எல்லாம் பார்த்தும் தீராவிட்டால் 20 கிகாஹெர்ட்ஸ் விஎன்ஏவோ நல்ல டிடிஆரோ உள்ள லேபுக்குப் போக வேண்டும். அதற்குச் சென்னை, பெங்களூருதான். இஎம்ஐ சோதனை என்றால் சென்னைத் தரமணியில் உள்ள, மத்திய அரசின் சமீர் மையம் போன்ற இடங்கள். மைக்ரோசெக்ஷனில் விரிசல் தெரிந்தால் லேபுக்குப் போக வேண்டாம், நேராக ஃபேபின் தர அதிகாரியிடம் பேசுங்கள்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: ஃபேப் போட்ட ஸ்டாக்கப், கெர்பர், வெற்றுப் போர்டு ஒன்று, ஓடும் போர்டு ஒன்று, ஓடாத போர்டு ஒன்று, எந்த வேகத்தில் எந்தச் சூட்டில் பிழை வந்தது என்ற குறிப்பு. லேப் மணிக்கணக்கில் வாடகை வாங்கும். போர்டில் ப்ரோப் வைக்க இடமோ எஸ்எம்ஏ கனெக்டரோ இல்லையென்றால் முதல் மணி நேரம் கேபிள் சால்டர் செய்வதிலேயே போய்விடும். அதை இங்கேயே முடித்துக்கொண்டு வண்டி ஏறுங்கள்.